மருதம்பட்டைக் குடிநீர் கிணற்றுத் தண்ணீரில் கறுத்துக் கலங்குவது ஏன்?

வலிகாமத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மரப்பட்டை மருந்துகள் பற்றி விபரம் தெரிஞ்ச ஆக்களிட்டை நாலு விசயம் கேக்க வேணும்.

வன்னியிலை சொந்தக்காரரின்ரை காணியிலை, வாய்க்கால் கரையோடை நல்ல மொத்தமான மருதமரம் ஒண்டு நிக்குது. அதிலை எடுத்த பட்டையைக் காயவைச்சு குடிநீர் (கசாயம்) போடுறம். அதே பட்டையைக் கண்டியிலை இருக்கிற தங்கச்சி வீட்டிலை காய்ச்சினால் சிவப்பாய், தெளிவாய் வருது. இங்கை சுன்னாகத்திலை கிணத்துத் தண்ணியிலை காய்ச்சினால் கறுத்துக் கலங்கி அடியிலை மண்டி படியுது. பழுது பட்டையிலையோ தண்ணியிலையோ?

அடுத்தது, மரத்துக்குக் கேடு வராமல் பட்டை எடுக்கிற முறை என்ன? ஒரு பக்கம் உரிச்ச இடம் இன்னும் மூடேல்லை.

மூண்டாவது, இந்தப் பட்டையிலை மருந்து எண்டு சொல்லக்கூடிய பொருள் எது? சின்கோனாப் பட்டையிலை மலேரியா மருந்தான கொயினா, வில்லோப் பட்டையிலை அஸ்பிரின் எண்டு படிச்சிருக்கிறம். அப்பிடி இதிலை உள்ளதையும் காய்ச்சி முழுக்க இறக்கலாமோ?

கடைசியாய், சரக்குக்கடையிலை குடசப்பாலைப் பட்டை எண்டு தந்த பொதி ஒண்டு இருக்கு. பட்டையைப் பாத்துச் சரியானதோ எண்டு கண்டுபிடிக்க வழி இருக்கோ?

—

மரத்தடி எழுதியது:

தம்பி, மரத்தைப் பற்றி நான் சொல்லுறன், மிச்சத்தை மற்றவை சொல்லுவினம்.

பட்டை எண்டு நாங்கள் ஒரு சொல்லிலை சொன்னாலும் அதிலை கனக்கப் படை இருக்கு. வெளியிலை இருக்கிறது செத்த தக்கை. அதுக்கு உள்ளை ஈரமாய் இருக்கிறது உரியம். இலை சமைக்கிற சீனி வேருக்கு இறங்கிற பாதை அதுதான். உரியத்துக்கும் தடிக்கும் நடுவிலை வழுவழுப்பாய் ஒரு மெல்லிய படை, மாறிழையம். புதுப் பட்டை வளருறது அதிலை இருந்துதான். கத்தி அதைத் தாண்டித் தடியிலை பட்டால் அந்த இடம் லேசிலை மூடாது. உங்கடை மரத்திலை நடந்தது அதுவாய்த்தான் இருக்கும். வெள்ளைத் தடி வெளியிலை தெரியுதோ எண்டு பாருங்கோ.

மரத்தைச் சுத்தி வளையமாய் உரிச்சால் மரம் போச்சு. உரிச்ச உடனை ஒண்டும் தெரியாது, இலை பச்சையாய்த்தான் நிக்கும். வேர் பட்டினி கிடந்து, சேமிப்பு முடிஞ்ச பிறகுதான் மேலை காயத் தொடங்கும். அதாலை கனபேர் மரம் செத்ததுக்கும் பட்டை உரிச்சதுக்கும் முடிச்சுப் போடுறதில்லை. மழையில்லை, பூச்சி எண்டு வேறை காரணம் தேடுவினம்.

முதல் தெரிவு கொப்பு. கவாத்துப் பண்ணேக்கை விழுகிற கைமொத்தக் கொப்பிலை இருந்து முழுப் பட்டையையும் எடுக்கலாம், மரத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. அடிமரத்திலை எடுக்கத்தான் வேணுமெண்டால் நெஞ்சு உயரத்திலை சுத்தளவு ஒரு மீற்றராவது இருக்க வேணும். நிலைக்குத்தாய், நாலு விரல் அகலம், இரண்டு மூண்டு அடி நீளம். எதிர் எதிர்ப் பக்கத்திலை ஒவ்வொரு கீலம். ரண்டு கீலமும் சேர்ந்து சுத்தளவிலை கால்வாசிக்கு மேலை போகக் கூடாது. வெளிப்படையையும் நடுப்படையையும் சீவி எடுத்து, உள்ளை இளஞ்சிவப்பாய் ஈரமாய் இருக்கிறதை மரத்திலை விட்டிடுங்கோ. கோடாலி வேண்டாம், நல்ல கூரான கத்தியோ உளியோ போதும். கீழ் வெட்டு வெளிப்பக்கம் சரிவாய் இருந்தால் மழைத்தண்ணி காயத்திலை தேங்காது. தார், பெயின்ற் ஒண்டும் பூசத் தேவையில்லை, காத்துப்பட்டு ஆறட்டும். எடுத்த இடம் பழைய மொத்தத்துக்கு வரும்வரைக்கும், குறைஞ்சது ரண்டு வருசத்துக்கு, அதிலை கை வைக்காதேங்கோ.

காலமும் முக்கியம். சித்திரை வைகாசி வறட்சியிலை பட்டை தடியோடை ஒட்டிக்கொண்டு நிக்கும், இழுத்தால் மாறிழையத்தையும் பிச்சுக்கொண்டு வரும். ஐப்பசி கார்த்திகையிலை லேசாய்க் கழரும், ஆனால் காயவைக்க வெயில் இல்லை, காயத்திலை பூஞ்சணமும் பிடிக்கும். தை கடைசி, மாசி நல்லது. மரத்திலை ஈரம் இருக்கும், வெளியிலை காத்தும் வெயிலும் இருக்கும்.

எடுத்தவுடனை வெளிப்பாசியைச் சுரண்டி, விரல் அகலத் துண்டாய் வெட்டுங்கோ. முழுக் கீலமாய்க் காயவிட்டால் வெளி காய்ஞ்சு உள்ளை ஈரம் அடைஞ்சு கிடக்கும், பூஞ்சணம் அங்கைதான் தொடங்கும். சீமெந்து நிலத்திலை போடாதேங்கோ. பனையோலைப் பாயிலை போட்டாலும் கீழ்ப்பக்கம் காத்துப் போகாது. கம்பிவலை அடிச்ச சட்டத்தை நாலு கல்லிலை தூக்கி வைச்சு, நிழலிலை ஒரு படையாய்ப் பரப்பி, நாளுக்கு ஒருக்கால் பிரட்டி விடுங்கோ. காய்ஞ்சிட்டுதோ எண்டு கையாலை பாத்துச் சொல்லேலாது. தராசிலை நிறுங்கோ. அடுத்தடுத்து ரண்டு நாள் நிறை குறையாமல் நிண்டால் காய்ஞ்சிட்டுது. முறிச்சால் டக்கெண்டு முறிய வேணும்.

பச்சை, கறுப்புப் புள்ளியோ புழுங்கின மணமோ வந்தால் அந்தச் சாக்கிலை உள்ளது முழுக்க எறியுங்கோ. பிடிச்ச துண்டைப் பொறுக்கிப்போட்டு மிச்சத்தை அவிக்கிற வேலை வேண்டாம். சில பூஞ்சணம் விடுகிற அஃபிளாரொக்சின் எண்ட நஞ்சு கொதிச்சாலும் அழியாது, ஈரலைத்தான் தாக்கும்.

ரண்டு விசயம் விட்டுப்போச்சு. வெங்காயம், புகையிலைத் தோட்டத்து வேலியோரத்திலை நிக்கிற மரத்திலை மருந்துக்குப் பட்டை எடுக்காதேங்கோ, அடிச்ச கிருமிநாசினி முழுக்கப் பட்டையிலைதான் படிஞ்சிருக்கும். ஒதுக்கக் காட்டுக்குள்ளை நிக்கிற மரத்திலை பட்டை உரிக்கிறது சட்டப்படி குற்றம்.

—

வடிதாள் எழுதியது:

உங்கள் பட்டையில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கண்டியில் தெளிவாக வருகிறது என்பதே அதற்குச் சாட்சி. மிஞ்சுவது தண்ணீரும் பாத்திரமும். இரண்டையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

இரண்டு கிராம் பட்டைத் தூளை 100 மில்லிலீற்றரில் பத்து நிமிடம் காய்ச்சும் சிறு சோதனை போதும். கண்ணாடிப் பாத்திரத்தில் போத்தல் தண்ணீரோடு ஒன்று, அதே பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரோடு ஒன்று, நீங்கள் வழக்கமாகக் காய்ச்சும் சட்டியில் போத்தல் தண்ணீரோடு ஒன்று. இரண்டாவது கறுத்தால் காரணம் தண்ணீர். மூன்றாவது கறுத்தால் சட்டி. இரண்டும் கறுத்தால் இரண்டுமே.

சட்டி எப்படிக் கறுக்க வைக்கும்? மருதம்பட்டையில் துவர்ப்பைத் தரும் தனின் மிக அதிகம். தனினும் இரும்பும் சேர்ந்தால் நீலக் கறுப்பு நிறச் சேர்வை உண்டாகும். பழைய காலத்து எழுத்து மை செய்ததே இந்த வேதியியலால்தான். இரும்புத் தாச்சி, எனாமல் பெயர்ந்த கேத்தில், துருப்பிடித்த குழாய், எதிலிருந்து வந்தாலும் கொஞ்ச இரும்பே போதும். மண்சட்டி, கண்ணாடி, நல்ல எவர்சில்வர், இந்த மூன்றில் ஒன்றைப் பாவியுங்கள். அலுமினியமும் வேண்டாம்.

தண்ணீர் விசயம்தான் யாழ்ப்பாணத்துக்கே உரியது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது, அதனால் கல்சியம் இருகாபனேற்று நிறைந்த வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் காபனேற்று வீழ்படிவாகி, தண்ணீர் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. காரத் தண்ணீரில் தனின் முதலான பொலிபீனோல்கள் விரைவாக ஒட்சியேறிக் கறுக்கும். கல்சியமும் தனினோடு சேர்ந்து கரையாத பொருளாகப் படியும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் போடும் வெறுந்தேத்தண்ணீர் மங்கிக் கறுப்பதும் மேலே ஆடை படர்வதும் இதே காரணத்தால்தான். ஆகவே நீங்கள் வடித்து ஊற்றும் மண்டியில் மருந்தின் ஒரு பங்கும் போகிறது.

செய்ய வேண்டியது, தண்ணீரை மட்டும் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி, இரவு முழுக்க அசையாமல் விட்டு, காலையில் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி எடுப்பது. இருகாபனேற்று வன்மையில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். சுத்தமாகச் சேர்த்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

ஆனால் கொதிக்க வைப்பதால் போகாத ஒன்று இருக்கிறது, நைத்திரேற்று. வலிகாமத் தோட்ட நிலங்களில் பசளை இறங்கிய கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது. குடிநீரைக் குறுக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு முழுக்கச் சட்டியில் நிற்கும். எட்டொன்றாய்க் குறுக்கினால் செறிவு எட்டு மடங்கு. வளர்ந்தவர் ஒருவர் ஒரு சிறு கிண்ணம் குடிப்பதால் பெரிய வேறுபாடு வராது, காய்ச்ச ஊற்றிய அவ்வளவு தண்ணீரையும் குடித்த கணக்குத்தான். கைக்குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ அந்தத் தண்ணீரில் எந்தக் குடிநீரும் காய்ச்ச வேண்டாம்.

இனி, மருந்துப் பொருள் எது என்ற கேள்வி. சின்கோனாவையும் மருதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சின்கோனாவில் வேலை செய்வது அல்கலோயிட் என்ற ஒரு தெளிவான வகை. பெல்ற்றியே, கவந்து என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1820இல் பாரிஸில் கொயினாவைத் தனியே பிரித்தார்கள். பட்டைக்குள் அது அமிலங்களோடு கட்டுண்டு கிடக்கிறது. தூளைச் சுண்ணாம்போடு குழைத்தால் அல்கலோயிட் கட்டவிழ்ந்து தண்ணீரில் கரையாத வடிவுக்கு வரும். அதைச் சூடான எண்ணெய்க் கரைப்பானில் இறக்கி, அந்த எண்ணெயை ஐதான சல்பூரிக்கமிலத்தோடு குலுக்கினால் அமிலப் பகுதிக்கு மாறும். அதை நடுநிலையாக்கிக் குளிரவிட்டால் கொயினா சல்பேற்றுப் பளிங்காகும். நம் நாட்டில் அக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சின்கோனா வளர்க்கத்தான். கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தபின் மலைநாட்டுத் தோட்டக்காரர் பலர் அதற்கு மாறினார்கள், எல்லாரும் ஒரேயடியாகப் பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவர விலை விழுந்தது. இதை வீட்டில் செய்துபார்க்க எண்ண வேண்டாம். கொயினாவில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது, காது இரையும், இதயத் துடிப்புக் குழம்பும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் சான்று பெற்றுவிட்டது, தேவையும் இல்லை.

வில்லோப் பட்டையில் இருப்பது சலிசின், அஸ்பிரின் அல்ல. சலிசினை உடம்பு சலிசிலிக்கமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலத்தோடு அசற்றைல் கூட்டத்தை இணைத்து 1897இல் பேயர் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டதுதான் அஸ்பிரின். எந்த மரத்திலும் அது ஊறுவதில்லை.

பசுபிக் யூ மரத்துப் பட்டையில் கிடைத்த பக்லிராக்செல் என்ற புற்றுநோய் மருந்து இன்னொரு பாடம். 1962இல் அமெரிக்காவில் சேகரித்த பட்டை, 1971இல் வோல், வாணி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டமைப்பு, 1992இல் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி. பட்டையில் அது இருந்தது ஏறத்தாழ 0.01 சதவீதம். ஒரு கிலோவுக்குப் பத்தாயிரம் கிலோ பட்டை என்றால் காட்டையே உரிக்க வேண்டும். ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் முன்னோடிச் சேர்வையிலிருந்து மிச்சத்தை ஆய்வுகூடத்தில் கட்டக் கற்ற பிறகுதான் மரங்கள் தப்பின. இலை திரும்ப முளைக்கும், அடிமரத்துப் பட்டை அப்படி இல்லை.

மருதில் இப்படி ஒற்றைப் பொருள் கிடையாது. தனின்கள், புரோஅந்தோசயனிடின்கள், பிளேவனோயிட்கள் ஒரு பக்கம். அர்ஜுனோலிக் அமிலம், அர்ஜுன்ஜெனின் போன்ற திரைற்றர்பீன்கள் மறுபக்கம். முதல் வகை வெந்நீரில் நன்றாக இறங்கும். இரண்டாவது வகை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதன் வெல்லம் சேர்ந்த வடிவங்கள் கொஞ்சம் இறங்கும். ஆகவே எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் தண்ணீர் முழுவதையும் எடுக்காது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் கிடைப்பது கூடுதல் தனினும் கூடுதல் துவர்ப்பும்தான். பட்டையில் கல்சியமும் நிறைய உண்டு. சிங்களக் கிராமங்களில் கும்புக் (மருது) பட்டையை எரித்த சாம்பலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பாவித்தது அதனால்தான்.

—

வலிகாமத்தான் எழுதியது:

நல்ல விளக்கம் அண்ணை. தண்ணியிலை இறங்காதது சாராயத்திலை இறங்கும்தானே? ஊறவைச்சு எடுத்தால் என்ன?

—

வடிதாள் எழுதியது:

இறங்கும், கூடுதலாகவே. சாராயத்தில் மூன்றிலொரு பங்களவு எதனோல் உண்டு. ஆனால் மருதம்பட்டை தேடி வருபவர்களில் பலர் இதய நோயாளிகள், இரத்த அமுக்க நோயாளிகள். அவர்களுக்கு நாள்தோறும் சாராயம் கொடுத்து மருந்தை ஏற்றுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை. சேர்ஜிக்கல் ஸ்பிரிற்று, மண்ணெண்ணெய்க் கடை ஸ்பிரிற்று பக்கமே போகக் கூடாது. மெதனோல் கலந்திருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும். பழைய முறையில் பால் இருக்கிறது, அதை அடுத்தவர் சொல்வார்.

—

சுக்குமல்லி எழுதியது:

பாற்குடிநீருக்கு அளவு ஒன்று, எட்டு, முப்பத்திரண்டு. பட்டை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு. ஒரு வேளைக்கு 5 கிராம் பட்டை, 40 மில்லிலீற்றர் பால், 160 மில்லிலீற்றர் தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மெல்லிய நெருப்பில், மூடாமல், கிளறிக்கொண்டு தண்ணீர் வற்றிப் பாலளவு 40 மில்லிலீற்றர் மிஞ்சும்வரை காய்ச்சிச் சீலையில் வடிக்க வேண்டும். தனினில் ஒரு பகுதியைப் பால் புரதம் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கும், வயிற்றுக்கும் இதம். பாலின் கொழுப்பு, தண்ணீரில் இறங்காதவற்றில் கொஞ்சத்தையாவது கொண்டுவரும். நெருப்புக் கூடினால் பால் திரைந்து பட்டையோடு கட்டியாகிவிடும். அப்படியானால் அதை வடித்துக் குடிக்காமல் புதிதாகப் போடுங்கள்.

வெறும் தண்ணீரில் என்றால் 10 கிராமுக்கு 160 மில்லிலீற்றர் ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டு, நாலொன்றாய், அதாவது 40 மில்லிலீற்றருக்குக் குறுக்குங்கள். சட்டியில் தண்ணீர் ஊற்றியதும் ஈர்க்கை நிறுத்தி, நனைந்த உயரத்தில் நாலில் ஒன்றுக்கு அடையாளம் போட்டுவைத்தால் அளவு தப்பாது. அடி அகன்று மேலே விரியும் சட்டியில் இந்தக் கணக்கு வராது, நேர்ச் சுவர்ப் பாத்திரம் வேண்டும்.

குடிநீருக்குப் பட்டையை ஒன்றிரண்டாக இடித்தால் போதும், இரவை பருமன். கிரைண்டரில் மாவாக அரைத்தால் அடியில் ஒட்டிக் கருகும், சீலையும் அடைத்துக்கொள்ளும். தூளாகவே உட்கொள்வதென்றால்தான் வஸ்திரகாயம், அதாவது சீலையில் சலித்த மெல்லிய தூள். அப்போது நாளொன்றுக்கு மொத்தம் 3 முதல் 6 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். தனின், இரும்புச் சத்து மாத்திரையையும் வேறு சில மருந்துகளையும் குடலில் கட்டிப்போடும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வாஃபரின் எடுப்பவர்கள் டொக்டரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. பிறசர் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் அமுக்கம் அதிகம் இறங்கலாம், எழும்பும்போது தலை சுற்றினால் அளந்து பாருங்கள். மருதைப் பற்றி நடந்த ஆய்வுகள் சிறியவை, அவற்றிலும் வழமையான மருந்தோடு கூடுதலாகவே கொடுத்துப் பார்த்தார்கள். அதை நம்பிக் கிளினிக் மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. நெஞ்சு நோ வந்தால் குடிநீர் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாரியில் காய்ச்சல் என்று வரும் எவருக்கும் முதலில் இரத்தப் பரிசோதனை. டெங்குவாக இருந்தால் அஸ்பிரினும் ஆகாது, சலிசின் உள்ள பட்டைச் சரக்கும் ஆகாது, இரத்தப்போக்கைக் கூட்டும்.

—

சரக்குமூட்டை எழுதியது:

குடசப்பாலைக்கு நான் சொல்லுறன். இதிலைதான் ஆபத்துக் கூட.

குடசப்பாலையிலை வேலை செய்யிறது கொனெசின் முதலான அல்கலோயிட்டுகள், வயித்துளைவுக்கு அது பேர்போனதுக்குக் காரணமும் அதுதான். ஆனால் பொதியிலை அடிக்கடி வாறது வெட்பாலைப் பட்டை. ரண்டும் ஒரே குடும்பம், ரண்டிலும் பால் வரும், பேரிலும் பாலை இருக்கு. நுனி நாக்கிலை ஒரு சின்னத் துணுக்கை வைச்சால் குடசப்பாலை கடுங்கைப்பு, கனநேரம் நிக்கும். வெட்பாலை அப்பிடிக் கைக்காது. ஆனால் இந்த நாக்குச் சோதனையை இப்ப செய்யாதேங்கோ. ஏனெண்டால் கைக்கிற இன்னொரு பட்டையும் கலந்து வரலாம், காஞ்சிரை. எட்டி எண்டு சொல்லுறதும் அதுதான். வன்னிக் காட்டிலை தாராளமாய் நிக்குது. அதின்ரை பட்டையிலை புரூசினும் ஸ்ரிக்னினும் இருக்கு, வலிப்பு வந்து மூச்சு நிண்டிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின்ரை தொடக்கத்திலை ஐரோப்பாவிலை அங்கொஸ்ரூராப் பட்டை எண்ட காய்ச்சல் மருந்திலை இந்தக் காஞ்சிரம்பட்டை கலந்து வந்து ஆக்களை நஞ்சாக்கினது.

அந்தக் காலத்திலை கண்டுபிடிச்ச சோதனை இண்டைக்கும் சரியாய் வேலை செய்யும். பட்டையின்ரை உள்பக்கத்திலை செறிந்த நைத்திரிக்கமிலம் ஒரு துளி விட்டால், புரூசின் இருந்தால் இரத்தச் சிவப்பாய் மாறும். வீட்டிலை செய்யிற வேலை இல்லை. ஆய்வுகூடத்திலை, கையுறை, கண்ணாடி போட்டு, பழகின ஆள் செய்ய வேணும். கைதடியிலை யாழ் பல்கலைக்கழகத்தின்ரை சித்த மருத்துவப் பகுதி இருக்கு, சரக்கை இனங்காணப் படிச்ச ஆக்கள் அங்கைதான் இருக்கினம். பொதியை உடைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கோ. முழுத்துண்டாய் இருந்தால்தான் ஆராலும் சொல்லேலும், தூளாய் இடிச்சதை உருவத்தை வைச்சுப் பிரிக்க நுணுக்குக்காட்டி வேணும். அதாலை பட்டைச் சரக்கை ஒருநாளும் தூளாய் வாங்காதேங்கோ.

மருதிலும் கலப்பு வாறது. மருது வெளிப்பக்கம் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்து அழுத்தமாய், தட்டையான தகடாய்க் கழரும், உள்பக்கம் சிவப்பு. கருமருதெண்டால் கறுத்து, ஆழமாய் வெடிச்சு, கட்டம் கட்டமாய் இருக்கும். உங்களுக்கு மரமே தெரியும் எண்டதாலை அந்தப் பயம் இல்லை.

—

வலிகாமத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூண்டு பாத்திரச் சோதனை செய்து பாத்தன். போத்தல் தண்ணியிலை கண்ணாடியிலும் சட்டியிலும் சிவப்பு, கிணத்துத் தண்ணியிலை கறுப்பு. தண்ணிதான். காய்ச்சினதை எவ்வளவு நேரம் வைச்சிருக்கலாம்?

—

சுக்குமல்லி எழுதியது:

தண்ணீரில் காய்ச்சியது காலையில் போட்டால் இரவுக்குள் முடிக்க வேண்டும், பிரிட்ஜில் என்றாலும் அடுத்த நாளுக்கு மேல் வேண்டாம். பால் சேர்த்தது அந்தந்த வேளைக்கு மட்டும். திரும்பச் சூடாக்கவும் வேண்டாம். காய்ச்சிய சக்கையை இரண்டாம் முறை காய்ச்சினால் நிறம் வரும், அளவு எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பிடிக்க முடியாது, பூமரத்துக்குப் போடுங்கள்.